வெறும் வானத்தில் ஆயிரத்துப் பதினொரு பருந்துகள்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் சோதிப்பது என் வேலை. நன்றாக ஒட்டியிருப்பதாக ஊரே சொல்லும் இடத்தைப் பார்த்து, இது ஒட்டவில்லை என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். இந்தப் பழக்கம் இரும்போடு நின்றிருந்தால் தேவலை. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறார் என்று இரண்டு நாள் யோசிப்பேன்.

அப்படிப்பட்ட எனக்கு, என்னையும் மிஞ்சிய ஒரு சந்தேகப் பிராணியின் மகளைப் பிடித்துப்போனது. பெயர் வைதேகி, அதே பட்டறையில் கணினிப் பிரிவு. அப்பா சேஷாத்ரி சார், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் வீடு. நானோ உப்பிலியபுரத்தில் வெங்காயம் போடும் குடும்பம். (அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் வெங்காயம் நுழைந்ததே இல்லை.) வைதேகி விஷயத்தைச் சொன்னபோது அவர் திட்டவில்லையாம்.

"ஞாயித்துக்கிழமை காலம்பற ஆறரைக்கு மொட்டைமாடிக்கு வரச் சொல்லு. பருந்து எண்ண ஆள் வேணும். பையன் எப்படின்னும் பாத்துடறேன்" என்றாராம்.

ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வலசை வரும் பருந்துகளை எண்ண திருச்சியில் ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. மலைக்கோட்டை அடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் யூசுப் பாய்தான் அதற்குத் தலைவர். முதல் நாளே கடைக்கு வரச் சொல்லி, கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஓர் எண் கூடும் சின்னக் கருவியைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, உள்ளூர்ப் பருந்த எண்ணாதீங்க. ஒரு இடத்துக்கு ரெண்டு பேரு. ஒருத்தரு கணக்க இன்னொருத்தரு பாக்கக் கூடாது. ரெண்டும் ரொம்பத் தள்ளி இருந்துச்சுன்னா அந்த இடத்துக் கணக்கையே எடுத்துக்க மாட்டோம்" என்றார்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. சேஷாத்ரி சார் வேட்டியும் துண்டுமாக நாற்காலியில் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "வாங்கோ" என்றார். பக்கத்து நாற்காலியைக் காட்டிவிட்டு மறுபடி வானத்தைப் பார்க்கப் போய்விட்டார். ஏழரைக்குள் நான் மூன்று பூனைப்பருந்தும், மீனுக்காகக் கொள்ளிடத்தை நோட்டம் விட்டபடி வந்த ஒரு விராலடிப்பானும் எண்ணியிருந்தேன். மொத்தம் நான்கு. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக்.

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒன்றுமில்லை. டிக். பைனாகுலரை வைத்துத் துழாவினேன். ஒரு காக்காய்கூட இல்லை. டிக், டிக். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் பார்வை வானத்தில் இருந்தது, இடது கை துண்டுக்குள் இருந்தது, சத்தம் துண்டுக்குள்ளிருந்து வந்தது. உதடு வேறு அசைந்தது. அவ்வப்போது வலது கையால் நோட்டில் எதையோ கிறுக்கினார்.

என் தொழில்மூளை விழித்துக்கொண்டது. பருந்து எண்ணும் கருவியை ஒருவர் ஏன் துண்டுக்குள் ஒளிக்க வேண்டும்? ஐந்து நிமிடத்தில் முழுச் சதியும் எனக்கு விளங்கிவிட்டது. இல்லாத பருந்தையெல்லாம் எண்ணிப் பெரிய தொகையாகக் காட்டுவார். நான் நான்கு என்பேன். "பையனுக்குக் கண்ணு சரியில்லம்மா" என்று மகளிடம் சொல்லி என்னை அனுப்பிவிடுவார். அதோடு போகுமா? வருஷா வருஷம் கண் பரிசோதனையில் தேறினால்தான் எனக்கு வேலையே. பெண்ணும் போய் வேலையும் போய், உப்பிலியபுரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் என்னை நானே பார்த்துவிட்டேன்.

நேர்மையான ஆள் அங்கேயே எழுந்து கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் டிக் என்றால் நானும் டிக். அவர் இரண்டு என்றால் நானும் இரண்டு. விட்டுப்போனதற்கு ஈடாக முன்னூறு அமுக்கி முதலில் வைத்துக்கொண்டேன். பிறகு வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, துண்டின் பக்கம் காதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உழைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. நடுவில் காபி கொண்டுவந்த வைதேகி, "ரொம்ப வருதா?" என்று ஆசையாகக் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்தரை மணிக்கு யூசுப் பாய் படியேறி வந்தார்.

"சொல்லுங்க தம்பி, எவ்வளவு?"

"ஆயிரத்துப் பதினொண்ணு."

அவர் தாளில் எழுதப் போன பேனாவை மூடிவிட்டார். "நாங்க இத்தனை வருஷமா எண்ணுறோம் தம்பி. மொத்தத் திருச்சிக்கும் சேத்தே அவ்வளவு வந்ததில்லயே. என்ன பருந்துங்க அது?"

நான் தனியாக மாட்டப்போவதில்லை. "சாருக்கும் அவ்வளவுதான் வந்திருக்கும். அவரையே கேளுங்க. துண்ட எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

சேஷாத்ரி சார் நோட்டை யூசுப் பாயிடம் நீட்டினார். அதில் கோடு கோடாகப் பதினான்கு, ஒவ்வொன்றுக்கும் நேரமும் திசையும். பிறகு துண்டை விலக்கி, இடது கையிலிருந்த கருவியைக் காட்டினார். ஆயிரத்தெட்டு.

"யூசுப் கொடுத்தது அலமாரில இருக்கு. பதினாலு பருந்துக்கு மெஷின் எதுக்கு? இது நான் தினம் திருநாமம் சொல்லி எண்ணறது. ஜபத்த மூடிண்டுதான் பண்ணணும்."

யூசுப் பாய்க்குச் சிரிப்பு வந்தும் அடக்கிக்கொண்டார். பிறகு வருத்தமாக, "ரெண்டும் ஒத்து வரல சார். இன்னைக்கி உங்க கணக்க எடுத்துக்க முடியாது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் ஒன்று ஒன்றாகப் பார்த்து எழுதிய பதினான்கு நிஜப் பருந்துகளையும் நான் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாடிப்படிக் கதவருகே நின்ற வைதேகி, காலி டம்ளர்களை என் பக்கம் திரும்பாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் செருப்பைத் தேடும்போது அவர் சொன்னார்: "அடுத்த வாரமும் வாங்கோ. அந்தக் கோடி மூலைல, எனக்கு முதுகைக் காட்டிண்டு உக்காருங்கோ."

போனேன். அன்று எனக்குக் கிடைத்தது மூன்று. அவருக்குப் பதினொன்று. எட்டு கூட்டிச் சொல்லக் கை பரபரத்தது. "மூணுதான் சார்" என்றேன். அன்றைய கணக்கும் தள்ளுபடி ஆனது. ஆனால் அவர் யூசுப் பாயிடம், "போகட்டும், மூணும் அசல்" என்றார். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

கேலி மட்டும் ஓயவில்லை. இரண்டு பாக்கெட் பால் வாங்கிவிட்டேன் என்று நான் சொன்னாலும் மாமனார் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "கண்ணால பாத்தேளா, காதால கேட்டேளா?" என்பார். தில்லை நகர் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் குழந்தை பிறந்த அன்று, நர்ஸ் வந்து சொன்னதும் முதல் போன் அவருக்குத்தான் செய்தேன்.

"பொண்ணு பொறந்திருக்கு சார்."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். வைதேகியின் பக்கத்தில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு வந்து மறுபடி கூப்பிட்டேன்.

"பாத்துட்டேன் சார். ஒண்ணுதான்."