செத்தவர் வராத செத்தவீடு

அந்தச் செத்தவீட்டுக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கடலுக்குப் போன ஆண்களும் பாதித் தொழிலில் திரும்பி வந்திருந்தார்கள். வாடகைக் கதிரைக்காரர்கூட, யாரும் சொல்லாமலே, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில், சனம் இருக்கக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வராதவர் ஒருவர்தான்: செத்தவர். அப்படி ஒருவர் இருக்கவேயில்லை. அவரை உண்டாக்கியவன் நான்.

சின்ன வயதில் நான் நடிகன். (சிரிக்க வேண்டாம். மூன்று நாடகங்கள் தொலைக்காட்சியில் வந்தவை.) மூன்றிலும் எனக்கு ஒரே வேலை, சாவது. காய்ச்சலில் ஒருமுறை, கிணற்றில் ஒருமுறை, பாம்பு கடித்து ஒருமுறை. மூச்சை அடக்கிக் கிடப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. விடத்தல்தீவுப் பக்கம் எங்கள் கரையே கூடியிருந்து பார்க்கும். அப்பா மட்டும் நான் சாகிற கட்டம் வந்தால் எழும்பி, பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார். என் நடிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

மீசை வந்ததும் சாகிற வாய்ப்புகள் நின்றுபோயின. (வளர்ந்தவன் செத்தால் யார் அழுவார்கள்?) ஆகவே தயாரிப்புப் பக்கம் திரும்பினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைக்காட்சிக்காரர், ஒரு நாளைக்குக் கமராவும் ஆளும் தருகிறேன், ஒரு பிள்ளையின் செத்தவீட்டைக் கூட்டத்தோடு எடுத்துக்கொண்டு வா, சரிவந்தால் வேலை உனக்கு என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். ஒழுங்கு பிசக விடுவேனா? பொலிஸுக்குச் சொன்னேன். கடற்படைக்குச் சொன்னேன். கோயில் மணியை அடிக்கப் பங்குச் சுவாமியிடம் அனுமதி வாங்கினேன். ஊருக்கும், கடலில் நிற்பவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது மட்டும் படித்த தலையில் ஏறவில்லை.

எங்கள் ஊரில் பெரியவர் செத்தால் பெரிய மணி, சிறுபிள்ளை செத்தால் சின்ன மணி. துக்க மணி கேட்டால் வள்ளங்கள் போட்டது போட்டபடி கரைக்குத் திரும்பும். மணியடிக்கிற சந்தியோகு அண்ணை கயிற்றைப் பிடித்தபடி கேட்டார்.

"சின்ன மணிதானோ தம்பி? எல்லாருக்கும் சொல்லிப்போட்டியோ?"

"ஓம் அண்ணை, எல்லாருக்கும் சொல்லியாச்சு." (எல்லாரும் என்றால் பொலிஸ், கடற்படை, சுவாமி.)

அன்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற கொண்டல் காற்று. அது மணிச்சத்தத்தைக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டுபோய்க் கடல்மேல் கிடத்தியது.

நடிக்க வருகிறோம் என்று முதல்நாள் சொன்னவர்கள் மூன்றே பேர். வந்ததோ ஊர். யாருடைய பிள்ளை என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியும்வரை காத்திருக்க மனமில்லாமல் சிலர் பொதுவாக அழத் தொடங்கிவிட்டார்கள்.

வெயில் ஏறாத கடல் அசையாமல் கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு வள்ளம் முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு வரிசை. தண்ணீரில் அல்ல, வெளிச்சத்தில் மிதந்து வருவதுபோல வந்தன. கரையோர நீரில் நின்ற பூநாரைகள் ஒருமுறை எழும்பி, வானத்தைக் கொஞ்சம் சிவக்கவைத்து, மறுபடி இறங்கின. இவ்வளவையும் நான்தான் நடத்துகிறேன் என்று, கடவுள்மேல் ஆணையாக, ஒரு கணம் நம்பினேன். கமராக்காரரிடம் மெல்ல, "எடுங்கோ, எடுங்கோ" என்றேன்.

முன்னால் வந்த வள்ளம் கரை தட்டுமுன்னே ஒருவர் குதித்தார். இடுப்பளவு தண்ணீரில், கனவில் ஓடுகிறவரைப்போல, எவ்வளவு ஓடியும் வந்து சேராமல் ஓடி வந்தார். கிட்ட வந்த பிறகுதான் அது அப்பா என்று தெரிந்தது.

நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கமராவுக்கு முன்னாலேயே ஓடினேன். ஒருத்தரும் சாகேல்லை, ஒருத்தரும் சாகேல்லை என்று கத்தினேன்.

அப்பா என் தோளைப் பிடித்தார். ஈரக் கையால் முகத்தைத் தடவிப் பார்த்தார். அடிக்கவில்லை. அந்தக் குறையை ஊர் தன் வாயால் தீர்த்து வைத்தது.

"தான் மூண்டு தரம் செத்தது காணாதெண்டு இப்ப எங்களைச் சாக்காட்டுறான்" என்றார் ஒரு மாமி. கதிரைக்காரர் மட்டும் அமைதியாக, இறக்குவதா திருப்புவதா என்று கேட்டார்.

"எங்கட வீட்டிலை சின்னப்பிள்ளை ஒருத்தருமில்லையே அப்பா, ஏன் ஓடி வந்தனீங்கள்?" என்று கேட்டேன். (படித்தவன் அல்லவா.)

"சின்ன மணி கேட்டா, உனக்கு எத்தினை வயசெண்டு நினைவு வருமோடா?"

மற்றவர்கள் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா வெட்டிவிட்டு வந்திருந்தார். பின்னேரம் போய்த் தேடினோம். நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. வலையின் விலையை நான் கேட்கவில்லை.

தொலைக்காட்சிக்காரர் கூட்டத்தின் நடிப்பைப் புகழ்ந்தார். நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மடையனை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டினேன். வேலை கிடைத்தது. தங்கள் அழுகையைத் திரையில் பார்த்த ஊர், நல்லாத்தான் அழுதிருக்கிறம் என்று சொல்லி என்னைப் பாதி மன்னித்தது.

இப்போதும் ஒரு நிகழ்ச்சி முடிந்து, 'தயாரிப்பு' என்று என் பெயர் ஓடும்போது, அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "இதுக்கு நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள்?" என்று கேட்பார். அப்பா இப்போதெல்லாம் பீடிக்கு எழும்பிப் போவதில்லை. என் பெயர் மறையும்வரை பார்த்திருந்துவிட்டுச் சொல்வார்:

"எழுபத்தெண்ணாயிரம்."