முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு

ஒரு காட்டில் நான்கு பாதைகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருந்தது. அங்கே நடந்ததைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். இப்போதே சிரிக்காதீர்கள். சிவப்பு விழுந்திருக்கிறது. கொஞ்சம் நில்லுங்கள்.

சிங்க மகாராஜா அந்த நாற்சந்தியில் சிக்னல் கம்பம் நட்டார், ரிப்பன் வெட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டார், அதே சிக்னலில் நிற்காமல் குகைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து குடிமக்கள் எல்லாரும் மகாராஜா காட்டிய வழியிலேயே போனார்கள். நின்றது ஒரே ஒரு கழுதைதான்.

அதன் பெயர் நற்குணன். அன்று அதற்குக் கல்யாணம். மழை வருவதற்காகப் பண்ணிவைக்கிற கல்யாணம் இல்லை, நிஜக் கல்யாணம். மண்டபம் சந்திக்கு அந்தப் பக்கம். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நற்குணனோ பட்டு வேட்டி, மாலை, தலையில் ஹெல்மெட் சகிதம், ஸ்கூட்டரைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திக் காத்திருந்தது.

பின்னால் எருமை, பஸ்ஸில். "பாம் பாம் பாஆஆம்! யோவ் மாப்ள, எடுய்யா வண்டிய!"

"சிவப்புங்க."

"சிவப்பு முன்னாடி நிக்கிறவனுக்குய்யா. பின்னாடி நிக்கிறவனுக்கு ஹாரன்!"

எருமை நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக மினுக்கவிட்டது.

"நாலும் எரிஞ்சா எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு அர்த்தம்?"

"நேராப் போறேன்னு அர்த்தம்! இதுகூடத் தெரியாம எப்படிய்யா லைசென்ஸ் வாங்கினே?" என்று உரசிக்கொண்டு போயே போய்விட்டது.

பச்சை விழுந்தது. அதை நற்குணன் மட்டும்தான் பார்த்தது. குறுக்கே ஆடுகள் வந்தன. பன்றி ஒன்று ஒரே மொபெட்டில் ஒன்பது குட்டிகளோடு, போனில் சாம்பார் செய்முறை சொல்லியபடி வந்தது. மறுபடி சிவப்பு.

அப்போது ராங் சைடில், தலையில் ஹெல்மெட் இல்லாமல் வந்தது சேந்தன், நற்குணனின் சித்தப்பா மகன்.

"அண்ணே! பொண்ணு மேடையில உட்கார்ந்தாச்சு. நீ இங்க யாருக்காகக் காத்திருக்கே?"

"பச்சைக்காகடா."

"போலீஸ்தான் இல்லையே!"

"மரத்துக்குப் பின்னாடி இருப்பாருடா."

காட்டுக்கே ஒரே போலீஸ், கரடி ஏட்டய்யா. சந்தியின் நடுவில் நின்று வழிவிட்டால் தப்பு எப்படி நடக்கும்? அதனால் ஆலமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து திடீரென்று குதிப்பார். இது எல்லாருக்கும் தெரியும். மரத்தின் மேல் இருந்த மைனாவுக்கும் தெரியும். அந்த மைனா கேட்ட குரலை எல்லாம் அப்படியே பேசும்.

சிரிப்பு வந்துவிட்டது என்கிறீர்களா? இன்னும் இல்லை. குறுக்கே இன்னும் இரண்டு ஆடு பாக்கி.

மைனா தொண்டையைச் செருமியது. "டேய்ய்! ஓரங்கட்டு! எல்லா வண்டியும் ஓரங்கட்டு! லைசென்ஸை எடு!"

அவ்வளவுதான். ஆடுகள் புதருக்குள். பன்றி வந்த வழியே திரும்பி ஒரே ஓட்டம். சேந்தன் பக்கத்துச் சந்தில் புகுந்து பறந்தது. நாலு பாதையும் துடைத்துவிட்டாற்போல் காலி. சிக்னலிலும் பச்சை. மாப்பிள்ளை போகட்டும் என்று மைனாவே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

நற்குணன் இண்டிகேட்டர் போட்டது. கண்ணாடி பார்த்தது. கை காட்டியது. ஓரங்கட்டியது.

மைனாவால் தாங்க முடியவில்லை. இப்படி ஒன்று கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

"ஆர்.சி.?"

"இருக்குங்கய்யா."

"இன்சூரன்ஸ்?"

"இருக்குங்கய்யா."

"புகை சர்டிபிகேட்?"

"வண்டிக்கும் இருக்கு, எனக்கும் இருக்குங்கய்யா."

"ம்ம்... அப்படியே அசையாம நில்லு. வர்றேன்."

நின்றது. பச்சை வந்தது, போனது. அந்தப் பக்கம் கெட்டிமேளம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ, நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தியது நற்குணன்.

கடைசியில் கரடி ஏட்டய்யா வந்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து அல்ல, மண்டபத்துப் பக்கமிருந்து. கையில் தாம்பூலப் பை, வாயில் வெற்றிலை.

"என்னப்பா, பேப்பரை விசிறிக்கிட்டு நிக்கிறே?"

"நீங்கதானேய்யா ஓரங்கட்டச் சொன்னீங்க?"

"நானா? காலையிலேர்ந்து உன் கல்யாணத்துலதான் இருக்கேன். பாயசம் பிரமாதம்."

"என் கல்யாணம்..."

"முடிஞ்சுது. நேரம் தப்பிடும்னு பொண்ணோட அப்பா உன் தம்பி சேந்தனை உட்கார வெச்சுட்டாரு. ராங் சைடுல வந்தாலும் சரியான நேரத்துக்கு வந்தான் பாருன்னு ஊரே மெச்சுது. அது கெடக்கட்டும், சந்தியில வண்டிய நிறுத்தலாமா? எடு அபராதத்தை."

நற்குணன் பேப்பரை மடித்தது. "அப்போ மரத்துக்குப் பின்னாடி இருந்தது..."

"அப்போ மரத்துக்குப் பின்னாடி இருந்தது..." என்று மேலேயிருந்து வந்தது, அதே இழுவை, அதே அழுகை.

நற்குணன் மெல்ல அண்ணாந்து பார்த்தது.

நீதி: லைசென்ஸ் இல்லாதவன் தாலி கட்டுவான், இருப்பவன் அதைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஆகவே பிள்ளைகளே, பெண் பார்க்கப் போகும் முன் லைசென்ஸைத் தொலைத்துவிடுங்கள்.