யுகவல்லிக்குப் பதில் இவர்

“யாருய்யா இவ?” என்றாள் ரேணுகாம்பாள்.

அருணகிரி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். மண்டியில் நாள் முழுக்க நெல் மூட்டை சுமந்த கழுத்து, தூக்கும்போதே முனகியது. டிவியில் தேவலோகத்து யுகவல்லி நின்றிருந்தாள். அதே பச்சைப் புடவை, அதே கிரீடம். முகம் மட்டும் வேறு.

கீழே எழுத்து ஓடியது. மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு இரவுப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவன் அவன். ஓடுகிற எழுத்தைக் கண்டால் துரத்திப் பிடித்து உரக்கப் படிக்காமல் இருக்க முடியாது.

“யுக... வல்லி... யாக... இனி... இவர்.”

“இனி இவர்னா?”

“பழைய பொண்ணு நின்னுட்டா போல. பதிலுக்கு இவளாம்.”

அதோடு வாயை மூடிக்கொண்டு குழம்பைப் பிசைந்திருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும்.

யுகவல்லி சாவே இல்லாதவள். எத்தனை யுகம் போனாலும் ஒரு முடி நரைக்காது. அவளோடு சேர்ந்து அசுரர்களை விரட்டும் பூபாலனோ சாதாரண மனுஷன். வாரா வாரம் ஒரு முறை சாகக் கிடப்பான், அவள் காப்பாற்றுவாள். சாகப் பிறந்தவன் அப்படியே இருக்க, சாவில்லாதவள் மாறிப்போய்விட்டாள். அதைப் பற்றிப் பூபாலனுக்குத் துளியும் கவலை இல்லை. “வல்லி, உன்னைப் பிரிந்து எப்படித் துடித்தேன் தெரியுமா?” என்று புதியவளைக் கட்டிக்கொண்டான்.

“பாத்தியா அநியாயத்த? நீ யாருடின்னு ஒரு வார்த்தை கேட்டானா? போன வாரம்தானே அவ மடியில படுத்துகினு, உன் முகந்தான் என் உசுருன்னான்?”

“நடிப்புதானே ரேணு.”

அவள் டிவியை விட்டுவிட்டு இவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நாளைக்கே என் புடவையைக் கட்டிகினு வேற ஒருத்தி வந்து சோறு போட்டா, நீ இன்னா பண்ணுவ?”

அருணகிரி யோசித்தான். யோசித்தது முதல் தப்பு. பதில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

“கொழம்புல உப்பு கம்மியா இருந்தா கண்டுபுடிச்சிடுவேன்.”

தட்டு பறிபோனது.

மறுநாள் மண்டியில், கூட மூட்டை தூக்கும் சடையன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“இதெல்லாம் ஒரு சண்டையாடா? நேராப் போயி, நீதாண்டி என் யுகவல்லின்னு சொல்லு. உருகிடுவா.”

சாயங்காலம் அருணகிரி கைகால் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னான்.

ரேணுகாம்பாள் முறத்தை நிறுத்தினாள். “எந்த யுகவல்லி? பழசா, புதுசா?”

“பழசுதான்.”

“ஓ. அப்ப நான் பழசா?”

“ஐயோ, புதுசுன்னே வெச்சிக்கோ.”

“அப்ப பதிலுக்கு வந்தவளா?”

அன்றைக்குச் சோறு வைக்கும் சத்தமே ஊரை எழுப்பியது.

சடையன் தளரவில்லை. “பொம்பளைங்க கிட்ட எதையாச்சும் கவனிச்ச மாதிரி சொல்லணும்டா. புடவை, நகை, ஏதாவது ஒண்ணு.”

அருணகிரி கவனித்தான். “மூக்குத்தி புதுசா? உனக்கு எடுப்பா இருக்குது.”

“தாலி கட்டும்போதே இது மூக்குல இருந்துச்சுய்யா. நீ எந்தப் பக்கம் பாத்துக் கட்டுன?”

பதற்றத்தில் அவனுக்கு வாய் தானாக ஓடியது. “உன்னைத் தெரியாதா எனக்கு? கண்ணைக் கட்டி உட்டாக்கூட சொல்லுவேன். இதோ, மோவாயில இடப்பக்கம் ஒரு மச்சம்...”

அவள் மெல்ல மோவாயைத் தடவினாள். துடைத்துவிட்ட பலகைபோல இருந்தது அது.

“அது பழைய யுகவல்லிக்குய்யா,” என்றாள்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அமைதியாகப் பையை எடுத்தாள், அடி அண்ணாமலையில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று ஒரே பேச்சு.

“நான் யாருன்னு தெரிஞ்ச மனுஷன் வந்து கூப்ட்டா வரேன். பூபாலன்லாம் வர வேணாம்.”

முதல் நாள் சோறு குழைந்தது. அடுத்த நாள் தீய்ந்தது. அதற்கடுத்து அடுப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. மண்டியில் மூட்டை கீழே விழுந்து வாய் பிரிந்தது. “வீட்டுக்காரி இல்லாத முதுகுல எவன்டா மூட்டை ஏத்துனது?” என்று கேலி பேசினார்கள்.

வீட்டில் ஓர் ஆள் குறைந்ததும்தான் அருணகிரிக்கு அவளைப் பற்றி ஒவ்வொன்றாக நினைவு வந்தது. வராத நினைப்பெல்லாம் தீய்ந்த சோற்றின் எதிரில் வரிசைகட்டி வந்தது. அவற்றை இரவுப் பள்ளிப் பாடம்போல உருப்போட்டுக்கொண்டே, மண்டியிலிருந்து நேராக மலை சுற்றும் பாதையில் சைக்கிளை மிதித்தான். எதிரே வந்த சாமியார் ஒருவர், மந்திரம் சொல்கிறான் என்று நினைத்துக் கும்பிட்டார்.

மாமியார் வீட்டு வாசலில் யாரும் இல்லை. ஒற்றைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அவன் சைக்கிள் மணியைக் கேட்டதும் உள்ளே யாரோ வேகமாகக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். இடுக்கில் புடவை ஓரம் தெரிந்தது. கத்தரிப்பூ நிறம். பொங்கலுக்கு அவனே எடுத்துக் கொடுத்தது.

“ஒளிஞ்சா தெரியாதா? நான் எடுத்த புடவை எனக்கு அடையாளம் தெரியாம போயிடுமா?” என்று வாசலில் கிடந்த உரல்மேல் உட்கார்ந்தான்.

இடுக்கில் தெரிந்த புடவை ஓரம் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

“சரி, பேசாத. கேளு. நீ கதை சொன்னா, சிரிப்பு வர்ற எடம் வரதுக்குள்ளயே நீ சிரிச்சிடுவ. பாதிக் கதை எனக்குப் புரிஞ்சதே இல்ல. ஆனா உன் சிரிப்பப் பாத்து நானும் சிரிச்சிருக்கேன். மழை வந்தா துணி எடுக்க ஓடமாட்ட, முதல்ல என் செருப்ப எடுத்து உள்ள வெப்ப. இதெல்லாம் எனக்குத் தெரியும் ரேணு. சொல்லத்தான் தெரியல.”

உள்ளே ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. அருணகிரிக்குத் தெம்பு வந்தது.

“உங்கம்மா கழனிக்குப் போயிருக்காங்களா?”

வளையல் படபடவென்று குலுங்கியது. ஆமாம் என்கிறாள்.

“நல்லதாப் போச்சு. அவங்க இருந்தா மனசு உட்டுப் பேச முடியாது. அன்னிக்கி உனக்கு உங்கம்மா மாதிரியே புடிவாதம்னு திட்டிட்டேன். வாபஸ் வாங்கிக்கறேன். உங்கம்மா புடிவாதத்துக்கு முன்னாடி உன்னுது கால் வீசம் காணுமா? அந்தம்மா மொறைச்சா கோயில் யானையே ஒதுங்கி நிக்கும்!”

உள்ளேயிருந்து பெரிய இருமல் எழுந்தது.

“சிரிப்ப அடக்குற பாத்தியா! இந்த இருமல் ஒண்ணு போதுண்டி. ஆயிரம் பேர் நடுவுல நின்னாலும் இதுதான் என் பொண்டாட்டின்னு கையப் புடிச்சி இழுத்துகினு போவேன். கல்யாணமான புதுசுல, கரண்டு போன சினிமாக் கொட்டகையில, இருட்டுல உன் கன்னத்த...”

வளையல் சத்தத்தில் காது கிழிந்தது. கதவே ஆடியது.

“வெக்கப்படாத ரேணு, யாருமில்ல. வெளிய வா. அந்தப் பூபாலன் மாதிரி யாரு வந்தா இன்னான்னு இருக்கற ஆளா நானு? உன்னைத் தவிர வேற ஒருத்தி கதவுக்குப் பின்னால மூச்சு உட்டாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்!”

பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டுத் திரும்பினான். மச்சான் மனைவி பொன்னி, இடுப்பில் குடத்தோடு வாயைப் பிளந்து நின்றிருந்தாள்.

“இன்னாண்ணா இது, அண்ணி மனசு கேக்காம காலையிலயே உங்க ஊட்டுக்குக் கெளம்பிப் போயிட்டாங்களே, அண்ணி புடவையைக் கட்டிகினு, மாப்ள எதிர்ல வாயத் தொறக்கக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னால நிக்கற எங்க அத்தைகிட்ட இவ்ளோ நேரமா இன்னா பேசிகினு இருக்கீங்க?”