மண்டோர் ஐயாவின் ரசமட்டமும் தானாக எழும் காரும்

வேலை தெரியாதவனால் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை, பிள்ளைகளே. அவன் பாட்டுக்கு ஓரமாக நின்றுகொள்வான். ஒரு வேலையை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கிற இன்னொரு வேலையிலும் துணிந்து கை வைக்கிறானே, அவனைக் கண்டால்தான் ஒதுங்கிப் போகவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் அப்படிப்பட்ட ஆளாக இருந்தேன். (கல்யாணத்துக்குப் பிறகு இருக்க உங்கள் அம்மா விடவில்லை.)

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், பட்டறையில் எனக்கு வேலை. ரப்பரும் மணலும் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் உட்கார்ந்துபோன லோரிகள் எங்களிடம் வரும். ஸ்பிரிங்கைக் கழற்றி, அடுக்கில் இன்னொரு பட்டையைச் செருகி, மறுபடி பூட்டினால் லோரி நிமிர்ந்து நிற்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் உட்கார்ந்த வண்டியை எழுப்பி நிறுத்துவதில் எனக்கு மேல் ஆள் மலாக்காவிலேயே கிடையாது என்று நினைத்திருந்தேன். மலாக்காவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் வேலு மாமா ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார்.

"டேய் கோவிந்தா, உஜோங் பாசிர்ல ஒரு எடம் இருக்குடா. பொண்ணு தையல் வேலை செய்யுது. அப்பா ரோட்டு மண்டோர்."

பெண் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோயில் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலில் எனக்கு மோர் கொடுத்த பெண். குடித்த டம்ளரைத் திருப்பி வாங்க அது மறந்துபோனது. கொடுக்க நானும் மறந்துபோனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் டம்ளர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இரண்டாவது தட்டைச் சொல்கிறேன்.)

"அந்த மனுஷன் மத்தவங்க மாதிரி வீடு வாசல் பாக்க மாட்டாராம்" என்றார் மாமா. "பையன் வேலை செய்றத நேர்ல பாக்கணுமாம். கை சுத்தமா இருந்தா பொண்ணு. இல்லன்னா எழுந்து போய்க்கிட்டே இருப்பாரு. நாளைக்குப் பட்டறைக்கு வர்றாரு. மானத்தக் காப்பாத்து."

மண்டோர் ஐயாவைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். தார் ரோடு போடும் ஆட்களை மேய்ப்பவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். மரக்கட்டையில் பதித்த கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நடுவில் நின்றால் வைத்த இடம் மட்டம். அதை ரோட்டில் மட்டும் வைத்தால் பரவாயில்லை. விருந்துக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்பாராம். இப்படிப்பட்டவர் தன் மகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்க வருகிறார். நான் ராத்திரியே என் சுத்தியல்களை எல்லாம் கழுவித் துடைத்து வைத்தேன். லோரி ஸ்பிரிங் வேலையாக ஒன்று காலையில் வந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

லோரி வரவில்லை. செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து பிள்ளை என்று ஒருவர் வந்தார்.

பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டிகள் கும்பிடுவது நம் சாமியைத்தான். ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். பிள்ளைக்குத் தமிழில் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் மட்டும் தெரியும். நாங்கள் அவரை இஞ்சே என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். ஊரைப் பார்க்கத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து அவர் ஒரு பிரெஞ்சுக் காரை வாங்கியிருந்தார். நீளமான கார். பின்னால் சாமான் ஏற்றுவதற்கு ஒரு அறையே இருக்கும். பின்கதவின் கீழ்ப்பாதியைச் சாய்த்தால் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், ஆள் உட்காரலாம்.

அந்தக் காரின் விசேஷமே வேறு. நிறுத்திப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு படுத்துவிடும். எஞ்சினை முடுக்கினால் மாடு எழுந்திருக்கிற மாதிரி முதலில் பின்பக்கம் எழும், அப்புறம் முன்பக்கம். எத்தனை மூட்டை ஏற்றினாலும் ஒரு முறை அமிழ்ந்து, பிறகு தானாகவே பழைய உயரத்துக்கு வந்து நிற்கும். இப்போது அந்தப் பின்பக்கம் முழுசாக எழவில்லை. கோயில் பூசைக்கு வாழைத்தாரும் அண்டாவும் ஏற்றிப் போனால் சந்து முனையில் இருக்கிற மேட்டில் வால் இடிக்கிறது என்று பிள்ளை குறைப்பட்டார்.

தவுக்கே குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இதற்குள் ஸ்பிரிங்கே கிடையாது, சிங்கப்பூருக்குத்தான் அனுப்பவேண்டும் என்று மலாயில் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மிதித்து ஓட்டுகிற மூன்று சக்கரப் பெச்சா ஒன்று வந்து நின்றது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் மண்டோர் ஐயா இறங்கினார். பின்னாலேயே வேலு மாமா, தோளில் துண்டோடு.

"இந்தத் தம்பிதானா?" என்றார் மண்டோர் ஐயா. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"போலே, இஞ்சே" என்று நான் பிள்ளையிடம் திரும்பிச் சொன்னேன். முடியும் என்று அர்த்தம். தவுக்கே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலோரமாக மீ, அதாவது சீன நூடுல்ஸ், சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பட்டறையில் ஆள் இறங்கி வேலை செய்ய ஒரு குழி உண்டு. காரை வால் வாசலைப் பார்க்க அதன்மேல் நிறுத்தி, பிள்ளையை உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, நான் குழிக்குள் இறங்கினேன். அண்ணாந்து பார்த்தேன். தவுக்கே சொன்னது சத்தியம். பட்டை ஸ்பிரிங்கும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. தேங்காய் அளவில் இரும்பு உருண்டைகள், நரம்பு மாதிரி எண்ணெய்க் குழாய்கள், நடுவில் ஒரு மெல்லிய கம்பி, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கவ்வி. இவ்வளவுதான். ஒரு ஆட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே எலும்பே இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

மேலே ஏறி வந்து, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த டம்ளர் நினைவுக்கு வந்தது. கவ்வியைத் தளர்த்திக் கம்பியைக் கொஞ்சம் திருப்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

(பின்னாளில் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். அந்த வேலைக்கு வண்டி சமதரையில் நிற்கவேண்டும். பின்னால் யாரும் உட்காரக்கூடாது. கம்பியை ஒரு மயிரிழை திருப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். எண்ணெய் மெதுவாக ஏறி வண்டி நிதானமாக நின்ற பிறகுதான் உயரத்தைப் பார்க்கவேண்டும். இதில் எதையும் நாங்கள் செய்யவில்லை.)

குழிக்குள்ளிருந்து பார்த்தால் எனக்கு மண்டோர் ஐயாவின் செருப்பும் வேட்டிக் கரையும் மட்டும்தான் தெரிந்தது. மற்றது மாமா பிறகு சொன்னது: அவர் பின்கதவைச் சாய்த்தார். ரசமட்டத்தைக் காருக்குள்ளே நீளவாட்டில் வைத்தார். குமிழி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை போல, அந்தப் பலகைமேல் ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தார். நல்ல கனமான மனிதர். கார் என் தலைக்கு மேல் அமிழ்ந்தது.

"பின்னால எறக்கமா இருக்கு தம்பி. தூக்கு."

இன்னும் திருப்பினேன். எதுவும் அசையவில்லை. இன்னும் நிறையத் திருப்பினேன். அப்போதுதான் கார், முதலில் அவர் கனத்தைச் சரிசெய்ய ஒரு தடவையும், நான் திருப்பியதற்கு ஒரு தடவையுமாகச் சேர்த்து எழ ஆரம்பித்தது.

"போதும், போதும். ஏறிப்போச்சு. எறக்கு."

இறக்கினேன். அதுவும் உடனே இறங்கவில்லை. சந்தேகப்பட்டு இன்னும் இறக்கினேன். பிறகு எல்லாம் சேர்ந்து இறங்கியது. நான் குழிக்குள் குத்துக்காலிட்டேன்.

"என்னா தம்பி, பொண்ணு கேட்டியா, ஊஞ்சல் கட்டுறியா?"

"நானும் பாக்கறேங்க" என்று மாமாவும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் மறுபடியும் அமிழ்ந்தது. முன்சீட்டிலிருந்து பிள்ளை, "பெலான், பெலான்" என்று கத்திக்கொண்டிருந்தார், மெதுவாக, மெதுவாக என்று. மெதுவாகச் செய்கிற நிலையில் நான் இல்லை. வருவது வரட்டும் என்று கம்பியை எவ்வளவு போகுமோ அவ்வளவு மேலே தள்ளி, கவ்வியை இறுக்கிப் பூட்டிவிட்டேன்.

கார் முனகியது. மெல்ல மெல்ல ஏறியது. பிறகு மண்டோர் ஐயாவின் குரல்:

"நின்னுச்சு. குமிழி நடுவுல. சுத்தமான மட்டம்." பிறகு மாமாவிடம், கொஞ்சம் தணிந்த குரலில், "ஸ்பிரிங்கும் இல்ல, ஜாக்கியும் இல்ல. ஆனா தூக்கிட்டான் பாத்தீங்களா. கைவேலை இருக்குங்க பையன்கிட்ட."

குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கில் நின்றபடி நான் மனசுக்குள் கல்யாணமே முடித்துவிட்டேன். மாலை போட்டு, வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற இடத்துக்கு வந்திருந்தேன். அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே குதித்தார்கள்.

மண்டோர் ஐயாவின் வேட்டி நுனி, கதவுத் தாழ்ப்பாளின் பல்லில் மாட்டியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. இரண்டு ஆள் கனம் நீங்கியதும் கார் தன் வாலைத் தூக்கியது. சாதாரணமாகத் தூக்கவில்லை. நான் பூட்டி வைத்த அத்தனை உயரத்துக்கும் தூக்கியது.

என் தலைக்கு மேல் இருந்த இருட்டு விலகி வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் இரண்டு கால்கள். அந்தக் கால்களுக்கு மேலே வேட்டி இல்லை. ரோட்டு வேலைக்குப் போடுகிற காக்கிக் கால்சட்டை இருந்தது.

குழி விளிம்புக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தேன். தவுக்கேயின் குச்சியில் மீ தொங்கிக்கொண்டிருந்தது, வாய்க்குப் போகவில்லை. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். கஞ்சி போட்ட வேட்டி காரின் வாலில் விறைப்பாகத் தொங்கியது. மெர்டேக்கா அன்று கொடி ஏறியபோதுகூடக் காஜா பெராங்கில் இவ்வளவு அமைதி இருந்திருக்காது.

"எஞ்சினை நிறுத்துங்க" என்று குழிக்குள்ளிருந்து அலறினேன். பிள்ளை நிறுத்தினார். அந்தக் கார் நிறுத்தினவுடனே இறங்காது, இறங்க நேரமாகும் என்றுதான் உங்களிடம் முதலிலேயே சொன்னேனே. வேட்டி அங்கேயே நின்றது. மாமா பாய்ந்துபோய் அதைப் பிடித்து இழுத்தார். நீளமாக ஒரு கிழிசல் சத்தம் கேட்டது.

மண்டோர் ஐயா மாமாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். நடந்துபோய்ப் பெச்சாவில் ஏறினார். போய்விட்டார். மாமா என்னைப் பார்த்து, "ஒனக்கு லோரிதான்டா பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் வரை நான் குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்கூட இறங்கவில்லை. (இந்தத் தடவை நிஜமாகவே.) உங்கள் அம்மாவின் டம்ளரை எப்படித் திருப்பிக் கொடுப்பது, யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மண்டோர் ஐயா. இந்தத் தடவை நீளக் கால்சட்டை, அகலமான பெல்ட்.

"ரசமட்டத்த வண்டியிலயே விட்டுட்டேன்."

துடைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கிக்கொண்டு திரும்பியவர் நின்றார். மழைத்தண்ணீர் பட்டறைக்குள் புகுந்து, தரையோடு சிற்றோடையாக முன்பக்கத்து லோங்காங்குக்கு, அதுதான் அந்தப் பெரிய சாக்கடைக்கு, ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"இந்தத் தரை சரிவா இருக்கு."

"ஆமாங்கய்யா. தண்ணி ஓடணும்னு போட்டிருக்காங்க."

"எப்பலேருந்து?"

"கட்டுனதுலேருந்துங்க."

"காலையில ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாததாங்கய்யா? ரோடே போடறீங்க."

அவர் முகம் காலையில் வேட்டி போனபோது மாறவில்லை. இப்போது மாறியது. "மட்டம் வைக்கிறவன் மொதல்ல தரையப் பாக்கணும்" என்றார் தனக்குத்தானே. "தெனமும் என் ஆளுங்கள இதச் சொல்லித்தான் ஏசறேன். இது அவனுங்களுக்குத் தெரிஞ்சா நான் நாளைக்கு எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு ரோட்டுல நிப்பேன்?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வெளியாள் வாய எப்படி நம்புறது?" ரசமட்டத்தை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். "வீட்டு ஆளா இருந்தா சொல்ல மாட்டான். சொந்த மாமனாரப் பத்தி எவன் வெளிய சொல்லுவான்?"

அவர் சொன்னது எனக்கும் அந்தக் கார் மாதிரிக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது. ஏறியபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார். "ஒம் மாமாவ ஞாயித்துக்கெழம வரச் சொல்லு" என்று மட்டும் காதில் விழுந்தது.

இப்படித்தான் பிள்ளைகளே, எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நிச்சயமானது. தரை விஷயத்தை இன்றுவரை வெளியே சொல்லவில்லை. நீங்கள் வீட்டு ஆட்கள், அதனால் எழுதுகிறேன். ஆனால் வேட்டி விஷயத்தை நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அன்று இருட்டுவதற்குள் கம்போங் செட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்த பிள்ளை, பெண் மாப்பிள்ளைக்கு ஒரு தட்டும், மாமனாருக்குத் தனியாக ஒரு தோல் பெல்ட்டும் கொண்டு வந்து, சபையில் வைத்தே கொடுத்தார்.

அன்று முதல் உங்கள் தாத்தா, அதுதான் மண்டோர் ஐயா, எந்த வண்டியை விட்டு இறங்கினாலும் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். போன வாரம் பஸ்ஸிலிருந்து அவர் அப்படி இறங்கியபோது, "தாத்தாவுக்கு வயித்து வலியாம்மா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இல்லடி, பஸ் எழும்புதான்னு பாக்கறாரு" என்றாள் உங்கள் அம்மா.

தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து கையையும் எடுக்கவில்லை. "அதில்ல" என்றார். "ஒம் புருஷன் அடியில இருக்கானான்னு பாத்துட்டு எறங்கறேன்."