மூட்டத்துக்கு உபதேசம்

களிமண்ணில் மனிதனைப் பிசைந்தபோது டெல்பர்ட் பெரியப்பா பக்கத்தில் நின்றிருந்தால், நமக்கெல்லாம் மூக்கு இன்னும் எடுப்பாக அமைந்திருக்கும். நான் சொல்லவில்லை, அவரே சொன்னது.

இவர் தனி இனம். பெயர், மூட்டத்து உபதேசி. அரிசோனாப் பாலையில், எங்கள் ஹோப்பிப் பழங்குடி மேட்டில், காற்றில்லாத காலையில் யார் பானை சுட ஆட்டெரு வறட்டியை அடுக்கி மூட்டம் போட்டாலும், புகை கிளம்புமுன் இவர் கிளம்பிவிடுவார். கையைப் பின்னால் கட்டி, மூட்டத்தைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, "ம்ஹும்" என்பார். வாழ்நாளில் ஒரு கிண்ணமாவது வனைந்திருக்கிறாரா? அதெல்லாம் கேட்கக்கூடாது.

இன்று வெர்லா அத்தை மாட்டிக்கொண்டாள். நாளை விடியலில் என் குட்டித் தங்கைக்குப் பெயர் வைக்கிறார்கள். பெயர் சூட்டுமுன், கற்றாழை போன்ற யூக்காச் செடியின் வேரை நுரைக்க அடித்து, அத்தைமார் அவள் தலையை அலசப்போவது இந்த மூட்டத்துக்குள் வேகிற கிண்ணத்தில்தான்.

மூட்டத்தருகே குரல் எழுப்பக்கூடாது. எழுப்பினால், பானைக்குள் குடியிருக்கும் உயிர் பதில் பேசப் பார்க்கும், பானை வெடித்துவிடும். இது பெரியப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். அதைத்தான் கீழ்ப் பள்ளத்தாக்குக்கே கேட்கும்படி விளக்கிக்கொண்டிருந்தார்.

"சத்தமே கூடாது வெர்லா! மூச்சக்கூட மெல்லத்தான் விடணும்!"

"அண்ணே, ஒரு வறட்டி மிச்சமிருக்கு," அத்தை கிசுகிசுத்தாள். "உங்க வாய்க்கு வெச்சு அடைச்சிரவா?"

"அடைக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கும்மா!"

தங்கச்சி கிண்ணமாயிற்றே! நான் ஓடிப்போய், காகிதமாய்ச் சுட்ட நீலச்சோள ரொட்டிச் சுருள்களை அள்ளி வந்து நீட்டினேன். வாயில் போட்டால் எச்சில் முழுவதையும் குடித்துவிடுகிற பண்டம். பெரியப்பா திணித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. பேச்சு நின்றது. மேடே அமைதியானது.

"பாத்தீங்களா அத்தை!" என்று கத்தினேன். "எப்படி அடக்கினேன் பாருங்க!"

மூட்டத்துக்குள் 'டப்'.

இதுவரை சிரித்தீர்களே, மனதுக்குள்ளா, வாய்விட்டா? வாய்விட்டென்றால், உங்களையும் இந்த இனத்தில் சேர்க்கவேண்டியிருக்கும்.

சூடு ஆறியதும் அத்தை சாம்பலை விலக்கினாள். கிண்ணம் தேன் நிறத்தில், கன்னம் சிவந்து, முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில், தங்கச்சிக்காக நான் வனைந்து, யாருக்கும் தெரியாமல் செருகிவைத்த குவளை இரண்டாகக் கிடந்தது.

அதன் கோணலைப் பார்த்ததுமே பெரியப்பாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. துண்டுகளைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக மெல்லப் பேசினார்.

"உன் குரலுக்குத்தான் பதில் சொல்லியிருக்கு."