மாஸ்டரின் வெள்ளிக் குத்தி

எந்தப் பொருளையும் பழுதுபடாமல் காப்பவன் என்று என்னைப் பற்றி நானே பரப்பிய கதையை நம்பாதவர்கள் கிளிநொச்சியில் குறைவு. முதலில் நம்பியவன் நான். (நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது?)

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நாயாற்றில் மீன் எடுத்துச் சைக்கிளில் கூவி விற்றேன். போர் முடிந்து மீளக் குடியேறியபோது தறப்பாள் சீலை போர்த்திய கொட்டிலில் ஆணியும் முள்ளுக்கம்பியும் வைத்துக் கடை போட்டேன். இன்று அது மாடிக் கட்டடம். ஆனையிறவுப் பக்கத்து உப்புக் காற்றில் ஊரெல்லாம் இரும்பு துருப்பிடிக்க, என் கடைக் கம்பி மட்டும் மினுமினுவென்று கிடக்கும். எண்ணெய் பூசி வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

மகள் சுகன்யாவுக்கு ஓமந்தையில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பையனின் தகப்பன் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. யோசித்துவிட்டுப் பேசுகிற மனிதர். (எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை.) சாதகம் பார்த்தாயிற்று, நாள் வைப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் தன் வீட்டுக் கூரையைப் பிரித்தார். பழைய நாணயக் குத்திகள் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். மழைக் குணமாக இருந்ததால், சேர்த்தவற்றிலேயே அருமையான ஒரு வெள்ளிக் குத்தியை என் கடை இரும்புப் பெட்டகத்தில் வைக்கக் கொண்டுவந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுங்கியது. இறுக்கி மூடிய வட்டப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது இருக்க, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று.

"முதலாளி, கூட்டைத் திறக்க வேண்டாம். கையாலை தொடவும் வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்."

"மாஸ்டர், வன்னியிலை துருவை வென்ற ஒரே ஆள் நான்தான். நீங்கள் போய்க் கூரையைப் பாருங்கோ."

தொடவில்லை. சத்தியமாக என் விரல் அதில் படவில்லை. ஆனால் கூட்டின் மேல் வெளிச்சம் தெறித்ததால் வருபவர்களுக்கு அதன் அழகு தெரியவில்லை. அதனால் மேல் மூடியை மட்டும் கழற்றி, அடிப்பாதியோடு உள்ளங்கையில் ஏந்திக் காட்டினேன். சீமெந்து இறக்க வந்த லொறிக்காரர் பார்த்தார். ஆணி வாங்க வந்தவர் பார்த்தார். ஒன்றும் வாங்காமல் நிழலுக்கு ஒதுங்கியவரைக்கூட விடவில்லை. "ஆரை நம்பித் தந்திருக்கினம் பாருங்கோ!" என்று தொடங்கி, மீன் சைக்கிள், தறப்பாள் கொட்டில், உழவு இயந்திரம் வாங்கிய கதை எல்லாவற்றையும் அந்தக் குத்தியின் மேல் குனிந்து நின்றே சொல்லி முடித்தேன்.

ஒரு காலை பெட்டகத்தைத் திறந்தால், வெள்ளியின் முகத்தில் அம்மை போட்டதுபோலப் புள்ளிகள்.

மூடினேன். திரும்பத் திறந்தேன். (பேயென்றால் போயிருக்கும்.) புள்ளிகள் அங்கேயே இருந்தன. திரும்பவும் மூடும்போதே தொலைபேசி அடித்தது. மாஸ்டர்.

"கூரை முடிஞ்சுது முதலாளி. ஞாயிற்றுக்கிழமை வாறம். கலியாண நாளையும் வைச்சிட்டு, குத்தியையும் எடுத்துக்கொண்டு போவம்."

ஒரு குத்தியைக் காக்கத் தெரியாதவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? நனைந்த தொலைபேசியை அரிசிக்குள் புதைப்பார்களே, அதுபோலக் குத்தியைக் கூட்டோடு அரிசி வாளிக்குள் புதைத்தேன். வெளியே எடுத்தபோது புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

சனிக்கிழமை மனைவி மலர் யோசனை சொன்னாள். "இஞ்சேருங்கோ, குத்துவிளக்கு மினுக்கிற மாதிரித்தானே? பழப்புளியும் சாம்பலும் போட்டு ஒரு உரஞ்சு உரஞ்சுங்கோ."

குசினியில் புளியைக் கரைத்துக் கையில் எடுத்துவிட்டேன். சுகன்யா பாய்ந்து வந்து குத்தியைக் கூட்டோடு பறித்தாள்.

"விசரே அப்பா? உரஞ்சினால் அந்த மினுக்கமே போயிடும். புள்ளியோடை குடுத்து உண்மையைச் சொல்லுங்கோ."

"உன்ரை கலியாணம் பிள்ளை!"

"என்ரை கலியாணம்தான். அதாலைதான் சொல்லுறன்."

உண்மை சொல்லத்தான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கதிரையில் அமர்ந்து, கூட்டைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் குத்திக்கு மேல் பிடித்ததும் என் நாக்கு தன்பாட்டில் ஓடியது.

"உப்புக் காத்து மாஸ்டர்! இந்த உப்புக் காத்து இரும்பையே தின்னும்!"

"கூட்டைத் திறந்தனீங்களோ?"

"சீச்சீ! சத்தியமா இல்லை!" என்று குனிந்து நின்று முழங்கினேன்.

பூதக்கண்ணாடியில் என் வாயிலிருந்து தெறித்த துளிகள் நாலைந்து பளபளத்தன. மாஸ்டர் அவற்றைப் பார்த்தார். குத்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்:

"முதலாளி, காத்து இப்பிடித் துளி துளியாய் விழாது. இது எச்சில். ஆரோ இதுக்கு மேலை நிண்டு வடிவாய்க் கதைச்சிருக்கினம்."

"ஆரோ!" என்றாள் மலர், குசினி வாசலில் நின்று.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். (சீமெந்துத் தரை. நானே நின்று போடுவித்தது. பிளக்காது.) மாஸ்டர் கூட்டை மூடினார். தேநீர் கொண்டுவந்த சுகன்யாவிடம்தான் கேட்டார்.

"ஏன் பிள்ளை, இதை ஒருத்தரும் கழுவிப் பாக்கேல்லையே?"

"அப்பா புளி கரைச்சவர் மாமா. நான்தான் பறிச்சு வைச்சனான். உரஞ்சியிருந்தால் ஒண்டும் மிஞ்சியிராது."

முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "அப்ப என்ரை மிச்சக் குத்தியளைப் பாக்க வீட்டிலை ஒரு ஆள் கிடைச்சிட்டுது. பஞ்சாங்கத்தை எடுங்கோ."

அந்தக் குத்தியை மாஸ்டர் மணமக்களுக்கே கொடுத்துவிட்டார். யாராவது விருந்துக்கு வந்தால் மருமகன் அலுமாரியைத் திறந்து எடுத்து வருவார். "இந்தப் புள்ளி, மாமா மீன் சைக்கிள் ஓடினது. இது தறப்பாள் கொட்டில். இந்தப் பெரிசு உழவு இயந்திரம்." எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். நாணயத்தில் ஏற மற்றவன் அரசனாய்ப் பிறக்க வேண்டும். நான் ஒருவருடைய தயவும் இல்லாமல், சொந்த முயற்சியால் ஏறியவன். இதைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், கூடு மூடியிருக்கிறதா என்று மகள் முதலில் அமத்திப் பார்க்கிறாள்.