முன்பள்ளியின் நன்மைகள் பற்றி நான் ஆற்றிய சிறப்புரை

ஊருக்கு உபதேசம் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது: அதை நாம் கடைப்பிடிக்கத் தேவையில்லை. நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் சாதாரண எழுதுவினைஞன். ஆனால் திருகோணமலையில் ஒலிவாங்கி இருக்கும் இடமெல்லாம் அந்த நாட்களில் என்னைக் காணலாம். (கூப்பிடாத இடங்களிலும் கண்டவர்கள் உண்டு.)

துறைமுகத்துக்குப் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு முன்பள்ளி நடந்தது. படிப்பை முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே வைத்த விடுகை விழாவில் 'முன்பள்ளிக் கல்வியின் நன்மைகள்' பற்றிப் பேச நஸ்ரின் ரீச்சர் அழைத்தார். உடனே ஒப்புக்கொண்டேன். என் நான்கு வயது மகன் சஞ்சயன் எந்த முன்பள்ளி வாசலையும் மிதித்ததில்லை என்பதை ரீச்சர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிதிக்க விடாதவன் நான்தான். என் மனைவி ராஜி கிண்ணியாவில் தாதியாக இருந்தாள். பிள்ளைக்காக அவள் எடுத்திருந்த சம்பளமில்லாத நீண்ட லீவு ஜனவரியில் முடிய இருந்தது. காலையில் மகனை முன்பள்ளியில் விட்டால், மத்தியானத்துக்குப் பிறகு அவளுடைய அக்கா பார்த்துக்கொள்வாள். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். ராஜினாமாக் கடிதத்தை எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் அலுமாரியில் வைத்திருந்தாள்.

"பிள்ளை வளர்ப்பை மற்ற ஆக்களிட்டக் குடுக்க ஏலாது. அவனுக்கு நான் ஒராள் காணும்," என்றேன்.

"நீங்கள் எட்டு மணிக்கே கந்தோருக்குப் போறனீங்கள்," என்றாள் ராஜி.

அது உண்மைதான். ஆகவே கோபப்பட்டேன்.

விழாவன்று ராஜியையும் மகனையும் முன்வரிசையில் இருத்தினேன். மேடையில் கறுப்பு அங்கியும் பட்டத் தொப்பியும் போட்ட இருபது பட்டதாரிகள், ஆளுக்கு மூன்றடி உயரம்.

"கூடி வாழும் பழக்கம் முன்பள்ளியில்தான் முளைவிடுகிறது," என்று தொடங்கினேன். சஞ்சயன் மேடையேறி, ஒரு சிறுமியின் தொப்பியைப் பறித்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். வீட்டில் கேட்டது எல்லாம் கிடைத்ததால், அவன் கேட்பதையே விட்டு நாளாகியிருந்தது.

பேச்சாளன் தடுமாறக் கூடாது. "பகிர்ந்துகொள்ளும் பண்பு..." என்று குரலை உயர்த்தினேன். அவன் இரண்டாவது தொப்பியையும் பறித்தான். பிடிக்கப் போன என் கையைக் கடித்தான். நான் போட்ட "ஐயோ" ஒலிபெருக்கி வழியாக வீதிக்கே கேட்டது.

"ஆரின்ர பிள்ளை இது?" என்று ஒரு தாய் கேட்டார்.

"பேச வந்தவர்ர மகனாம். பள்ளிக்கு விடாமல் வீட்டில வைச்சிருக்கிறாராம்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மண்டபம் சிரித்தது. ராஜி மட்டும் சிரிக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தொப்பி இழந்த சிறுமி அழவில்லை. "தம்பி, நாங்க மாறி மாறித்தான் போடுறது. இப்ப நீங்க, பிறகு நான்," என்று சொல்லி வரிசையில் அவனுக்கு இடம் விட்டாள். அவனும் நின்றான்! கொஞ்ச நேரத்தில் இரண்டு தொப்பிகளையும் தானாகவே திருப்பிக் கொடுத்தான். நான்கு வருடமாக நான் கெஞ்சியும் மிரட்டியும் ரொபி கொடுத்தும் நடக்காத காரியம். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மிச்ச உரையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். (அதற்குத்தான் கைதட்டல் பலமாகக் கிடைத்தது.)

வீட்டுக்கு வந்ததும் ராஜி கடிதத்தை எடுத்து வந்தாள். "கையெழுத்து வைக்கட்டோ?"

"கிழிச்சுப்போடும்," என்றேன்.

ஜனவரியில் அவள் கிண்ணியா பஸ் ஏறினாள். நான் மகனை முன்பள்ளிக்குக் கூட்டிப்போனேன். அவன் செருப்பைக் கழற்றி மற்றச் செருப்புகளோடு வைத்துவிட்டு, திரும்பியும் பாராமல் உள்ளே ஓடினான். நான் ஜன்னலடியில் நின்று கண்ணைத் துடைத்தேன். அடுத்த நாளும் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு நின்றேன். மூன்றாம் நாள் நஸ்ரின் ரீச்சர் ஒரு குட்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, கையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலைக்கஞ்சியில் ஒரு கோப்பையும் தந்தார்.

"குடியுங்க சேர். புதுசா வாற ஆக்களுக்கு முதல் கிழமை இப்பிடித்தான்."

சஞ்சயனுக்கு இப்போது பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறான். இன்றும் சொந்தத்தில் யாராவது பிள்ளையை முதன்முதலாக முன்பள்ளிக்கு அனுப்பப் பயந்தால், ராஜி என்னைப் பார்த்துக்கொண்டே தைரியம் சொல்வாள்:

"பயப்படாதேங்கோ. பிள்ளை ஒரு நாளில பழகீரும். எங்கட வீட்டில தேப்பனுக்குத்தான் ஒரு கிழமை எடுத்தது."